கிண்ணத்தில் யார் பெயர்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரில் விளையாட்டுக் கிண்ணங்களும் பதக்கங்களும் விற்று, அவற்றில் பெயர் வெட்டிக் கொடுப்பது என் தொழில். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் இளைஞர்கள் தீபாவளியை ஒட்டி நடத்தவிருக்கும் புதிர்ப்போட்டிக்கு "புகழ்பெற்ற கிண்ணங்களும் அவற்றுக்குரிய விளையாட்டுகளும்" என்று தலைப்பு வைத்திருப்பதால், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அங்கே சொன்ன பதில்களை, அவசரத்தில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே எழுதித் தருகிறேன்.

கேள்வி (இரண்டாம் படிவ மாணவி): பூப்பந்துக்கு, அதாவது பேட்மிண்டனுக்கு, மட்டும் தோமஸ், ஊபர், சுடிர்மான் என்று மூன்று கிண்ணங்கள் இருக்கின்றன. எது யாருக்கு என்பது எனக்கு எப்போதும் குழம்பிப் போகிறது, ஐயா.

பதில்: கிண்ணத்தை விட்டுவிட்டு, அந்தப் பெயருக்குரிய ஆளைப் பிடித்துக்கொள், அம்மா, குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். தோமஸ் என்பவர் சர் ஜார்ஜ் தோமஸ் என்ற ஆங்கிலேயர்; அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் முதல் தலைவர். பூப்பந்தில் அகில இங்கிலாந்துப் பட்டங்களை வாரிக் குவித்தவர், விம்பிள்டனில் டென்னிஸ் ஆடியவர், போதாக்குறைக்குச் சதுரங்கத்திலும் 1923, 1934 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரிட்டனின் வெற்றியாளர். 1939இல் அவர் வழங்கிய கிண்ணத்துக்கான போட்டி, போர் குறுக்கிட்டதால் 1948-49இல்தான் நடந்தது. அது ஆண்கள் குழுவுக்குரியது. ஊபர் என்பவர் பெட்டி ஊபர் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரி; அவர் பெண் என்பதை நினைவில் வைத்தால் கிண்ணமும் பெண்களுக்கு என்பது மறக்காது. 1957இல் நடந்த அதன் முதல் இறுதியாட்டத்தில் அமெரிக்கா டென்மார்க்கை வென்றது. அடுத்த இரண்டு முறையும் அமெரிக்காதான் வென்றது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். சுடிர்மான், இந்தோனேசியப் பூப்பந்துச் சங்கத்தை வளர்த்தவர். அவர் பெயரிலுள்ள கிண்ணம் ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்புக் குழுவுக்குரியது. 1989இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. அந்த முதல் முறை இந்தோனேசியாவே வென்றது. அதற்குப் பிறகு அது அவர்கள் கைக்குத் திரும்பவில்லை.

கேள்வி (அதே மாணவியின் தாத்தா): தோமஸ் கிண்ணத்தை நாம் எத்தனை முறை வென்றோம்? எனக்கு ஜகார்த்தா கலாட்டா மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

பதில்: ஐந்து முறை, ஐயா. 1949, 1952, 1955 ஆகிய மூன்று முறை மலாயாவாக வென்றோம். 1967, 1992 ஆகிய இரண்டு முறை மலேசியாவாக வென்றோம். முதல் வெற்றி இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில், டென்மார்க்குக்கு எதிராக 8-1 என்ற கணக்கில் கிடைத்தது. அக்காலத்தில் ஒரு சந்திப்புக்கு ஒன்பது ஆட்டங்கள் இரண்டு நாள் நடக்கும்; 1984 முதல்தான் ஐந்து ஆட்டங்களாகச் சுருக்கினார்கள்.

நீங்கள் சொல்லும் கலாட்டா 1967இல் நடந்தது. மலேசியா 4-3 என்று முன்னணியில் இருந்தபோது, நம் பேராக் மாநிலத்துக்கு ஆடிய இங் பூன் பீ, தான் யீ கான் இணையின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்வையாளர்களின் கூச்சலும் இடையூறும் எல்லை மீறியதால், நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்தினார். எஞ்சிய ஆட்டங்களை நியூசிலாந்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு இந்தோனேசியா இணங்காததால், மலேசியா 6-3 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஆடி முடிக்காமல் கிடைத்த கிண்ணம் என்பதால் அதில் ஒரு துளி கசப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். 1992இல் கோலாலம்பூர் நெகாரா அரங்கில் அதே இந்தோனேசியாவை 3-2 என்று வென்றபோதுதான் அந்தக் கசப்பு போனது. இந்தியா முதன்முறையாக 2022இல் பாங்காக்கில் வென்றதும் இந்தோனேசியாவுக்கு எதிராகத்தான்.

கேள்வி (ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி): எங்கள் காலத்தில் மலாயா கிண்ணம் என்போம், இப்போது மலேசியக் கிண்ணம் என்கிறார்கள். நாட்டின் பெயர் மாறியதால் கிண்ணத்தின் பெயரும் மாறியதா?

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1967இல் பெயர் மாறியதற்கு அது காரணம்தான். ஆனால் பழைய பெயரிலுள்ள "மலாயா" நேராக நாட்டைக் குறிக்கவில்லை. ஒரு கப்பலைக் குறிக்கிறது. எச்.எம்.எஸ். மலாயா என்பது 1915இல் கடலில் இறக்கப்பட்டு, மறு ஆண்டு ஜட்லாந்துக் கடற்போரில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல். அதைக் கட்டுவதற்கான பணத்தை ஐக்கிய மலாய் மாநிலங்கள் கொடுத்தன. அவை பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு மாநிலங்கள். அந்த மாநிலங்களின் கஜானா எதில் நிரம்பியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும், உங்கள் அப்பாவும் தாத்தாவும் விடியுமுன் எழுந்து சீவிய ரப்பர் மரமும்தான். பணம் கொடுத்த நாட்டைப் பார்ப்பதற்காக அந்தக் கப்பல் 1921இல் இங்கே வந்தது. விருந்தோம்பலுக்கு நன்றியாக மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காற்பந்துக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில், அதே ஆண்டு, சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது.

அதிக முறை வென்றது சிலாங்கூர். முப்பது முறைக்கும் மேல். நீண்ட கைகளுக்காக "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வாங்கிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம் நின்ற சிலாங்கூர் குழுவைப் பற்றி இந்த மண்டபத்தில் வயதானவர் யாரைக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுவார். நம் பேராக் 1926, 1931, 1957, 1970, 1998, 2000, 2018 என ஏழு முறை வென்றிருக்கிறது. புதிர்ப்போட்டியில் நடுவர் இதைக் கேட்டு, பேராக் பிள்ளைகள் விழித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

கேள்வி (நகைக்கடையில் வேலை செய்யும் தம்பி): காற்பந்து உலகக் கிண்ணம் முழுக்கத் தங்கமா, அண்ணே? எத்தனை மாற்று?

பதில்: உன் கடை மொழியிலேயே சொல்கிறேன், தம்பி. நீ விற்பது 916, அது 750. அதாவது 18 காரட், நான்கில் மூன்று பங்கு தங்கம். எடை 6.175 கிலோ, உயரம் 36 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அடியில் பச்சை நிற மலக்கைட் கல் இரண்டு வளையங்களாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த உயரத்துக்கு உள்ளே முழுவதும் தங்கம் என்றால், ஆட்டக்காரர் ஒருவர் அதை ஒற்றைக் கையால் தலைக்குமேல் தூக்க முடியாது. ஆகவே உள்ளே கூடு என்பதை எடையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில்வியோ கசானிகா என்ற இத்தாலியச் சிற்பி வடித்தது; 1974இல் மேற்கு ஜெர்மனி முதலில் பெற்றது. வென்ற நாடு அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; தங்கமுலாம் பூசிய வெண்கலப் படி ஒன்றைத்தான் கொடுப்பார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு இதற்கு முந்திய கிண்ணத்தின் கதை காரணமாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். அது ஜூல்ஸ் ரிமே கிண்ணம். வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசிய, சிறகு விரித்த வெற்றித் தேவதையின் உருவம். பிரெஞ்சுச் சிற்பி ஏபல் லஃப்லர் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியக் காற்பந்து அதிகாரி ஒட்டோரினோ பராசி அதை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துத் தன் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். போருக்குத் தப்பியது 1966 மார்ச்சில் லண்டனில் ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியில் திருடுபோனது. ஒரு வாரத்தில் பிக்கிள்ஸ் என்ற நாய், செய்தித்தாளில் சுற்றி வேலியோரம் கிடந்ததை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தது. மூன்று முறை வென்றால் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற விதிப்படி 1970இல் அது பிரேசிலுக்கே சொந்தமானது. 1983 டிசம்பரில் ரியோ நகரில் மறுபடியும் திருடினார்கள். பேழையின் முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடி; பின்பக்கம் மரச்சட்டம். திருடன் பின்பக்கமாகப் போனான். அந்தக் கிண்ணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

கேள்வி (ஆறாம் ஆண்டு மாணவன்): விம்பிள்டன் கிண்ணத்தின் தலையில் அன்னாசிப்பழம் இருப்பது உண்மையா?

பதில்: உண்மை. ஆண்கள் ஒற்றையர் கிண்ணத்தின் மூடியில் அன்னாசிதான் உட்கார்ந்திருக்கிறது. ரக்பி உலகக் கிண்ணமான வெப் எல்லிஸ் கிண்ணத்திலும் உண்டு. நமக்கு அது வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் பழம்; குளிர்நாட்டாருக்கு ஒரு காலத்தில் அரசர் வீட்டு விருந்தில் மட்டும் காணக்கூடிய அரும்பொருளாக இருந்தது. பெண்கள் ஒற்றையருக்குக் கிண்ணமே கிடையாது. வீனஸ் ரோஸ்வாட்டர் என்ற பெயருடைய வெள்ளித் தாம்பாளம் தருகிறார்கள். பன்னீர்த் தட்டு என்று நினைத்துக்கொள்.

கேள்வி (தொலைக்காட்சியில் இந்தியக் கிரிக்கெட் பார்க்கும் கடைக்காரர்): இந்தியாவில் ரஞ்சி கிண்ணம், துலீப் கிண்ணம் என்கிறார்களே, அந்த ரஞ்சியும் துலீப்பும் இந்தியாவுக்கு எவ்வளவு ரன் எடுத்தார்கள்? தமிழர் பெயரில் ஒரு கிண்ணமும் இல்லையா?

பதில்: முதல் கேள்விக்கு விடை: ஒரு ரன் கூட இல்லை. ரஞ்சித்சிங்ஜியும் அவருடைய சகோதரரின் மகன் துலீப்சிங்ஜியும் டெஸ்ட் ஆடியது இங்கிலாந்துக்காக. ரஞ்சி தம் முதல் டெஸ்டிலேயே, 1896இல் மான்செஸ்டரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 154 எடுத்தார். துலீப் 1930இல் லண்டன் லார்ட்ஸ் திடலில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 173 எடுத்தார். ரஞ்சி 1933இல் இறந்த பிறகு, பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அவர் நினைவாகக் கிண்ணம் வழங்க, 1934இல் போட்டி தொடங்கியது. முதல் ஆட்டம் சென்னை சேப்பாக்கத்தில் மெட்ராஸுக்கும் மைசூருக்கும் நடந்து, ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்த்தார்.

அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இவர்தான். மெட்ராஸும் இலங்கையும் 1950களில் ஆடத் தொடங்கிய ஆட்டத்துக்கு அவர் பெயரில் கோபாலன் கிண்ணம் வைத்தார்கள். அவர் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் ஒரே கோடையில் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்படும் ஹாக்கிக் குழு ஒருபக்கம், இங்கிலாந்துக்குப் புறப்படும் கிரிக்கெட் குழு மறுபக்கம் என்ற நிலை வந்தபோது அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கிக் குழு தங்கத்தோடு திரும்பியது. இவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. கழுத்தில் விழ வேண்டிய பதக்கம் கைநழுவியவரின் பெயர் கிண்ணத்தில் நிலைத்தது. கிரிக்கெட் கிண்ணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சின்னப் போட்டியாக இருந்தாலும்.

கேள்வி (அவருடைய மகன்): அப்படியென்றால் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கிரிக்கெட்டில் மோதும் ஆஷஸ்?

பதில்: அது கிண்ணமே இல்லை, 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுட்டமண் கலயம். 1882இல் லண்டன் ஓவல் திடலில் ஆஸ்திரேலியா 7 ரன்னில் வென்றபோது, இங்கிலாந்துக் கிரிக்கெட் இறந்துவிட்டது, சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்படும் என்று ஒரு பத்திரிகை கேலியாக இரங்கல் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த பயணத்தில் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்துக் குழுத்தலைவர் ஐவோ பிளைக்கு அங்கே பரிசாகக் கிடைத்ததுதான் இந்தக் கலயம். யார் வென்றாலும் அது லார்ட்ஸ் காட்சிக்கூடத்தில்தான் இருக்கும்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை): டேவிஸ் கிண்ணத்தை இந்தியா ஆடாமலேயே இழந்தது என்று படித்தேன். விவரம் சொல்வீர்களா?

பதில்: டேவிஸ் கிண்ணம் ஆண்கள் டென்னிஸில் நாட்டுக்கு நாடு மோதும் போட்டி, ஆசிரியை அவர்களே. ஹார்வர்டு மாணவராக இருந்த டுவைட் டேவிஸ் தாமே வாங்கிக்கொடுத்த வெள்ளிக் கிண்ணத்துக்காக 1900இல் பாஸ்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆடின. இந்தியா மூன்று முறை இறுதிக்கு வந்திருக்கிறது. 1966இல் தென்காசிக்காரர் இராமநாதன் கிருஷ்ணன் ஆடிய குழு ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. 1987இல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய குழு சுவீடனிடம் தோற்றது. இடையில் 1974இல் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த குழு இறுதிக்கு வந்தபோது, எதிரே நின்றது நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆடக்கூடாது என்று முடிவெடுத்தது. கிண்ணம் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அந்தக் குழுவுக்கு வெல்லும் வாய்ப்பு நன்றாகவே இருந்தது என்பதால் இழப்பு சிறியதன்று. ஆயினும் அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

கேள்வி (முன்பு துரைமாரின் கோல்ப் திடலில் பை சுமந்தவர்): ரைடர், வாக்கர் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்களும் தோட்டத் துரைகளா?

பதில்: ரைடர் உங்கள் துரைகளைவிட எளிய வியாபாரி; காய்கறி, பூ விதைகளைச் சின்னப் பொட்டலங்களாக அஞ்சலில் விற்றுப் பணம் சேர்த்த சாமுவேல் ரைடர். அவர் கொடுத்த தங்கக் கிண்ணம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குரியது, 1927இல் தொடங்கியது. முதலில் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதின. 1979 முதல் ஐரோப்பா முழுவதும் சேர்ந்து ஒரு குழுவாக ஆடுகிறது. மூடியின்மேல் மட்டையோடு நிற்பவர் ரைடர் அல்லர். அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த ஏப் மிட்சல். முதல் போட்டியின்போது குடல்வால் நோயால் அவர் ஆட முடியாமல் போனது. உருவம் மட்டும் போய்ச் சேர்ந்தது. வாக்கர் கிண்ணம் தொழில்முறை அல்லாதவர்களுக்கு. பெயருக்குரியவர் அமெரிக்க அதிபர்கள் இரண்டு புஷ்களுக்கும் முன்னோர்.

கேள்வி (ஹாக்கி ஆடும் இளைஞர்): ஈப்போ அஸ்லான் ஷா கிண்ணத்தை யாரும் கேட்கவில்லையே?

பதில்: கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். ஹாக்கியை நேசித்த பேராக் சுல்தான் அஸ்லான் ஷா பெயரில் 1983இல் தொடங்கியது. 1998 முதல் ஆண்டுதோறும் என்று வைத்துக்கொண்டார்கள். அதிகம் வென்றது ஆஸ்திரேலியா. 2010இல் மழை இறுதியாட்டத்தைக் கெடுத்ததால் இந்தியாவும் தென் கொரியாவும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. மலேசியா பலமுறை இறுதிவரை வந்து வெறுங்கையோடு திரும்பியது. இங்கிருந்து பேருந்து பிடித்துப் போய்த் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி (விளையாட்டு மன்றச் செயலாளர்): எங்கள் காற்பந்துச் சுழற்கிண்ணத்தில் பெயர் வெட்ட இடமில்லை. புதிதாக வாங்கவேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். டேவிஸ் கிண்ணத்திலும் பெயர்கள் நிறைந்தபோது அடியில் மேலும் மேலும் பீடங்களைச் சேர்த்தார்கள். வட அமெரிக்கப் பனி ஹாக்கிக்குரிய ஸ்டான்லி கிண்ணத்தில் வென்ற குழுவின் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் வெட்டுவதால், நிரம்பிய பழைய வளையத்தைக் கழற்றிக் காட்சிக்கூடத்தில் வைத்துவிட்டு, புதிய வளையத்தைப் பூட்டுகிறார்கள். அதில் பிழைகளும் உண்டு: 1972இல் பாஸ்டன் என்ற ஊர்ப்பெயரில் இரண்டு "ஓ" இருக்கவேண்டிய இடங்களில் "கியூ" விழுந்தது. பெயர் இருக்கக்கூடாத ஒருவரின் பெயரை 1984 வரிசையில் வெட்டிவிட்டு, பிறகு எக்ஸ் எழுத்துகளை வரிசையாக அடித்து மறைத்தார்கள்.

எனக்கும் இதே கதி ஒருமுறை நேர்ந்தது. "வீரர்" என்பதை "வீறர்" என்று வெட்டிவிட்டேன். பரிசளிப்புக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நல்லவேளையாகக் கிண்ணத்தில் நேராக வெட்டாமல் பித்தளைத் தகட்டில் வெட்டியிருந்தேன். ஆணிகளைக் கழற்றி, தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் சரியாக வெட்டி ஒட்டினேன். அந்தத் தகட்டுக்குள் என் பிழை இன்னும் முகம் கவிழ்ந்து கிடக்கிறது. உங்கள் கிண்ணத்துக்கும் அப்படித்தான் செய்யப்போகிறேன்: அடியில் மரப்பீடம் ஒன்று கூட்டி, அதைச் சுற்றித் தகடு அடிக்கலாம். ஆனால் 1980களில் வென்ற குழுக்களின் பெயர்கள் தேய்ந்து படிக்க முடியாமல் இருக்கின்றன. அன்று ஆடியவர்களைக் கேட்டு, ஆண்டு வாரியாக எழுதிய பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கடைக்குக் கொண்டுவாருங்கள். ரகரமா றகரமா என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.